மான் யாருடையது என்பதையும் எழுதுங்கள்

மறுமலர்ச்சிக் கால வேட்டை ஓவியங்களையும் படம் நெய்த திரைச்சீலைகளையும் பாதுகாத்துவரும் அருங்காட்சியகங்களின் காப்பாட்சியர்களுக்கும், அவற்றின் அருகே வைக்கப்படும் விளக்கக் குறிப்புகளை எழுதுவோருக்கும்,

வணக்கம்.

ஓவியங்களைப் பார்ப்பதும் அவற்றைப் பற்றித் தமிழில் எழுதுவதுமாகப் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற ஒரே தகுதியில் இம்மடலை எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பிய நகரம் ஒன்றின் அருங்காட்சியகத்தில் (பெயர் வேண்டாம், குறை அந்த ஓர் இடத்தோடு நிற்பதில்லை) பதினாறாம் நூற்றாண்டு வேட்டைத் திரைச்சீலை ஒன்றின் முன் நெடுநேரம் நின்றேன். பக்கத்துச் சுவரில் இருந்த குறிப்பு அக்கறையோடுதான் எழுதப்பட்டிருந்தது. எந்த இழை பட்டு, எந்த இழை வெள்ளி, காட்டப்பட்டிருப்பது எந்தப் பருவம், நாய்கள் எந்த இனம் என்பதெல்லாம் அதில் இருந்தன. அந்த நாய்களைக் கயிற்றில் பிடித்திருந்த மனிதர்கள் மட்டும் ‘ஏவலர்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோனார்கள். வேட்டையாடும் பிரபு யார் என்று அதில் எழுதியிருந்தது. அதே காட்டில் யாரெல்லாம் வேட்டையாடக் கூடாது என்பது எழுதப்படவில்லை.

என் முறையீடு இவ்வளவுதான். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மான் வேட்டை என்பது பொழுதுபோக்காக இருப்பதற்கு முன்பே ஒரு சட்ட உரிமையாக இருந்தது. அந்த உரிமை சிலருக்கு இருந்தது, பெரும்பாலோருக்கு மறுக்கப்பட்டிருந்தது. மறுக்கப்பட்டவர்களின் வயலில்தான் அந்த மான் மேய்ந்தது. இதைச் சொல்லாமல் ஒரு வேட்டை ஓவியத்தை விளக்குவது, பத்திரத்தின் கையெழுத்து அழகைப் புகழ்ந்துவிட்டு, எந்த நிலம் யார் பெயருக்கு எழுதப்பட்டது என்பதை வாசிக்காமல் விடுவதற்குச் சமம்.

பொதுப்படச் சொல்வதை விட ஓர் ஓவியத்தை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் சாக்சனி அரண்மனையின் ஓவியரான மூத்த லூக்காஸ் கிரானாக் 1529இல் வரைந்த மான் வேட்டை ஓவியம் இருக்கிறது. நாய்களாலும் ஆட்களாலும் விரட்டப்பட்ட கலைமான்கள் கூட்டமாக ஆற்றில் பாய்கின்றன. கொம்புகள் தண்ணீருக்கு மேல் முள்வேலி போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. முன்புறத்தில், மரங்களின் மறைவில், குறுக்குவில்லோடு பெருமக்கள் காத்திருக்கிறார்கள். ஒருவர் சாக்சனியின் ஆட்சியாளரான ‘ஞானி’ பிரெடரிக், இன்னொருவர் பேரரசர் மாக்சிமிலியன், மூன்றாமவர் பிரெடரிக்கின் தம்பி யோஹான். இந்த வேட்டையில் துரத்தலே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓடுவதும் நனைவதும் குத்துப்படுவதும் மற்றவர்களுக்கும் விலங்குகளுக்கும் உரியவை. பிரபு நின்ற இடத்தில் நிற்கிறார், காடு முழுவதும் அவருடைய அம்பின் முன்னே கொண்டுவந்து தள்ளப்படுகிறது.

அந்த மூவரில் இருவர், ஓவியம் தீட்டப்பட்ட ஆண்டில் உயிரோடு இல்லை. மாக்சிமிலியன் 1519இலேயே மறைந்துவிட்டார். பிரெடரிக் 1525 மே 5 அன்று இறந்தார். அந்த நாளைப் பல குறிப்புகள் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகின்றன. நான் அதில் சற்று நிற்க விரும்புகிறேன். ஏனென்றால் அவர் இறந்துகொண்டிருந்த அந்த வாரங்களில்தான் ஜெர்மானிய நாடுகளில் குடியானவர்களின் பெரும் எழுச்சி உச்சத்தில் இருந்தது.

1525 மார்ச்சில் தென்ஜெர்மனியின் ஸ்வாபியப் பகுதியிலுள்ள மெம்மிங்கன் நகரில் அந்தக் குடியானவர்கள் தங்கள் கோரிக்கைகளைப் பன்னிரண்டு உறுப்புகளாக எழுதி அச்சிட்டார்கள். அதை வடித்ததில் முதன்மைப் பங்கு செபாஸ்டியன் லோட்ஸர் என்பவருக்கு உண்டு. அவர் தொழில் விலங்குகளின் மென்மயிர்த் தோலைத் தைப்பது. காட்டு விலங்குகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அவர் கைக்கு அன்றாடம் வந்து போயிருக்கும். அதில் நான்காம் உறுப்பு முழுவதும் வேட்டையையும் மீனையும் பற்றியது. ஏழை மனிதன் எவனும் காட்டு விலங்கையோ பறவையையோ ஓடும் நீரில் மீனையோ பிடிக்கக் கூடாது என்பது இதுவரை வழக்கமாக இருந்துவந்திருக்கிறது, இது தகாதது என்று அவர்கள் எழுதினார்கள். அதோடு நிற்கவில்லை. சில இடங்களில் ஆட்சியாளர்கள் எங்களுக்குக் கேடாக விலங்குகளைப் பெருகவிடுகிறார்கள், மனிதனின் பயனுக்காகக் கடவுள் விளைவித்ததை அறிவற்ற அந்த விலங்குகள் வீணாகத் தின்று தீர்க்கின்றன, நாங்கள் அதை வாய்மூடிப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று அடுத்த வரியிலேயே சொன்னார்கள்.

பரண் கட்டிக் கவண் கல் எறிந்து தினைப்புனம் காப்பதையே ஒரு திணையின் காதல் பாட்டுக்குக் களமாக வைத்த மொழியிலிருந்து வருகிற எனக்கு, அந்தக் கடைசி வரி உறைத்தது. புனத்தில் புகுந்த விலங்கை ஓட்டுவதற்கே உரிமை இல்லாத உழவன் என்ற நிலையை நினைத்துப் பார்ப்பதே எனக்குக் கடினமாக இருக்கிறது. அவர்களுக்கு அதுதான் அன்றாட வாழ்க்கை.

எழுச்சி அடக்கப்பட்ட விதம் உங்களுக்குத் தெரிந்ததே. 1525 மே 15 அன்று, அதாவது பிரெடரிக் இறந்து பத்தே நாளில், துரிங்கியாவின் பிராங்கன்ஹௌஸனில் குடியானவர் படை சிதறடிக்கப்பட்டது. பிறகு ம்யூல்ஹௌஸன் நகரைப் பணியவைக்கக் கூடிய பிரபுக்களோடு, கிரானாக் ஓவியத்தின் மூன்றாவது வேட்டைக்காரரான யோஹானும் தம் படையோடு சேர்ந்துகொண்டார். அந்த எழுச்சி முழுவதிலும் மாண்டவர்களின் தொகையை 70,000 முதல் 1,00,000 வரை என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். பிரெடரிக்குக்கு உரிய நியாயத்தையும் சொல்லியாக வேண்டும்: இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், இப்படி எழுவதற்கு ஏழை மக்களுக்குக் காரணம் கொடுக்கப்பட்டிருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்து அவரை எப்படி நினைவுகூர வேண்டும் என்று அரண்மனையும் அதன் ஓவியரும் தேர்ந்துகொண்டபோது, அந்தக் கடிதத்தின் மனிதரை அவர்கள் தேர்ந்துகொள்ளவில்லை. மானுக்குக் குறிவைத்து நிற்கும் பிரெடரிக்தான் பலகையில் ஏறினார். நான்காம் உறுப்புக்கு அந்த ஓவியத்தை நேரடிப் பதிலாக வரைந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. எனினும், அந்த உறுப்பை வாசித்த கண்ணோடு அதைப் பார்த்தவர்கள் அந்த நாட்டிலேயே இருந்தார்கள் என்பதை மறைக்கவும் முடியாது.

கிரானாக் இப்படிப் பல வேட்டைகளை வரைந்திருக்கிறார். பிரெடரிக்கும் யோஹானும் வேட்டைக்குப் போகும்போது ஓவியரையும் பலகையோடு அழைத்துச் செல்வார்கள் என்று சட்ட அறிஞர் கிறிஸ்டோப் ஷொய்ரல் 1509இலேயே புகழ்ந்து எழுதியிருக்கிறார். மாட்ரிட்டின் பிராடோவில் உள்ள 1544ஆம் ஆண்டு ஓவியம் டோர்காவ் அரண்மனை அருகே பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்காக நடத்தப்படும் வேட்டையைக் காட்டுகிறது. அதில் அரண்மனைப் பெண்களும் குறுக்குவில்லோடு நிற்கிறார்கள். பெண் என்ற தடை குலத்தின் முன் விலகிக்கொள்கிறது. உழவன் என்ற தடை விலகவில்லை. அந்த ஓவியத்தில் அத்தனை விருந்தோம்பலோடு நிற்பவர் யோஹானின் மகனும் அப்போதைய சாக்சனி ஆட்சியாளருமான யோஹான் பிரெடரிக். அவரை, மூன்றே ஆண்டில், அதே எல்பே ஆற்றங்கரையில் உள்ள ம்யூல்பெர்க்கில் வென்று சிறைப்பிடித்தவர் அந்த விருந்தாளி சார்லஸ்தான். ஒன்றாக வேட்டையாடுவது ‘நாம் சமமானவர்கள்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வழி. அந்தச் சமத்துவம் எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிட நல்ல குறிப்பு வேண்டியதில்லை.

நாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், உங்கள் குறிப்புகள் அவற்றின் மேல் அவ்வளவு பிரியம் வைத்திருப்பதால். காட்டுப்பன்றியின் தந்தம் கிழித்துவிடாமல் இருக்க, விலையுயர்ந்த வேட்டை நாய்களுக்குப் பஞ்சு பொதிந்த சட்டை மாட்டும் வழக்கம் இருந்தது. குடியானவனின் நாய்க்கும் அணிகலன் உண்டு: அது மானைத் துரத்திவிடக் கூடாது என்பதற்காகக் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிட வேண்டும் என்று ஜெர்மானியப் பகுதிகள் பலவற்றில் ஆணை இருந்தது. இங்கிலாந்தின் அரச காடுகளில், சுற்றிலும் குடியிருப்போரின் காவல் நாய்களுக்கு முன்காலின் மூன்று நகங்களை வெட்டினார்கள். இது இடைக்காலத்துச் சட்டம். பிரபுவின் நாய்க்குச் சட்டை, ஊர் நாய்க்கு வெட்டு. அந்தப் பிரபுவின் நாய்களுக்குத் தீனி போடுவதும், வலைகளைச் சுமப்பதும், விலங்குகளை விரட்டிக் கொடுப்பதும் கூலியில்லாத கட்டாய வேலையாகக் குடியானவர் தலையில்தான் விழுந்தது. ஓவியத்தின் ஓரத்தில் கம்போடு ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது, அன்றைக்கு அவர்கள் வயலில் எந்த வேலை நின்றுபோயிருக்கும் என்று நான் கேட்டுக்கொள்வதுண்டு.

உரிமையை மீறியவனுக்கு என்ன நேர்ந்தது? வூர்ட்டம்பர்க் கோமகன் உல்ரிக் 1517இல் பிறப்பித்த ஆணை, திருட்டு வேட்டையாடுபவனின் கண்களைப் பிடுங்கச் சொன்னது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1515இல், இதே உல்ரிக் காட்டுக்குள் தம் அவையைச் சேர்ந்த ஹான்ஸ் வான் ஹூட்டன் என்பவரைத் தம் கையாலேயே கொன்றிருந்தார். அவர் கண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்களில் சிலர் இந்த இடத்தில் ஒரு மறுப்பைச் சொல்வீர்கள், நேரிலும் அதை நான் கேட்டிருக்கிறேன். இவையெல்லாம் இருபத்தோராம் நூற்றாண்டின் கவலைகள், அன்றைய மனிதர்களுக்கு இது இயல்பான ஒழுங்கு, நம் காலத்துக் கண்ணாடியை அவர்கள் மூக்கில் மாட்டக் கூடாது என்பீர்கள். நான்காம் உறுப்பை எழுதியவர்கள் அன்றைய மனிதர்கள்தாம் என்பதே இதற்குப் போதுமான விடை. படித்தவர்களின் சாட்சிதான் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1511இல் வெளிவந்த தம் அங்கத நூலில் மானை அறுக்கும் சடங்கை எள்ளி நகையாடுகிறார்: மாட்டையும் ஆட்டையும் யார் வேண்டுமானாலும் வெட்டலாம், மானை அறுக்க மட்டும் பெருங்குடி மகன் வேண்டும்; அவனும் தொப்பியைக் கழற்றி, மண்டியிட்டு, அதற்கென்றே வைத்திருக்கும் கத்தியால், குறிப்பிட்ட உறுப்புகளைக் குறிப்பிட்ட முறைப்படி அறுக்க வேண்டும்; சூழ நிற்பவர்கள் அதை ஆயிரம் முறை பார்த்திருந்தாலும் புதிதாக ஏதோ வழிபாடு நடப்பதுபோல வாய்பொத்தி நிற்பார்கள். தாமஸ் மோர் 1516இல் படைத்த கற்பனைத் தீவில் வேட்டை கசாப்பு வேலையின் ஒரு கீழான பிரிவு, அதை அடிமைகளிடம் விட்டுவிடுகிறார்கள்.

எராஸ்மஸ் சிரித்த அந்தச் சடங்கை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கண்ணெதிரே காணலாம். ராபர்ட் பீக் 1603இல் வரைந்த அந்த ஓவியத்தில், இங்கிலாந்தின் இளவரசர் ஹென்றி, ஒன்பதே வயது, செத்துக் கிடக்கும் மானின் முன் நின்று வாளை உறையில் இடுகிறார். அவரைவிட இரண்டு வயது மூத்தவரான ஜான் ஹாரிங்டன் மண்டியிட்டு மானின் கொம்பைப் பற்றியிருக்கிறார். பையன்கள் இருவரின் குலச்சின்னங்களும் மரக்கிளைகளில் தொங்குகின்றன. பின்னால் குதிரையோடு நிற்கும் பணியாளுக்கு எதுவும் தொங்கவில்லை. யார் நிற்பது, யார் மண்டியிடுவது, யார் பெயரில்லாமல் நிற்பது என்ற மூன்று படிகளும் அந்த ஒரு சட்டகத்துக்குள் இருக்கின்றன. குழந்தையின் முகத்தைப் பார்த்து நெகிழ்வது எளிது, நானும் நெகிழ்ந்திருக்கிறேன். ஆனால் அந்தக் குழந்தைக்கு அங்கே கற்பிக்கப்படுவது என்ன என்று குறிப்பு சொல்ல வேண்டாமா?

இதற்குத் துணையாக ஓர் அச்சுக் கதை உண்டு. 1575இல் லண்டனில் ஜார்ஜ் கேஸ்காயின் வெளியிட்ட வேட்டைக் கையேட்டில், மண்டியிட்ட வேட்டைக்காரன் அரசி எலிசபெத்திடம் கத்தியை நீட்டும் மரச்செதுக்குப் படம் இருக்கிறது. 1611இல் மறுபதிப்பு வந்தபோது அரசியார் மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அச்சிட்டவர்கள் புதுக் கட்டை செதுக்கவில்லை. அரசி இருந்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் அரசர் ஜேம்ஸைப் பொருத்தினார்கள். மண்டியிட்டவன் அப்படியே மண்டியிட்டிருந்தான். மேலே இருப்பவரை மாற்றலாம், கீழே இருப்பவனை மாற்றத் தேவையே எழவில்லை. இந்தக் கட்டையைப் பற்றி ஒரு வரி எழுதினால் பார்வையாளர் எத்தனையோ புரிந்துகொள்வார்.

இத்தாலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அங்கே கதை வேறு. ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியனில் உள்ள பாவ்லோ உச்செல்லோவின் காட்டு வேட்டையை எல்லோரும் அதன் தூரநோக்குக் கணக்குக்காகவே (தட்டையான பரப்பில் தொலைவைக் காட்டும் முறைக்காகவே) பேசுகிறார்கள், அது நியாயம்தான். தரையில் கிடக்கும் மரத்துண்டுகள்கூட நம் கண்ணை இருளின் நடுவிலுள்ள ஒரே புள்ளிக்கு இழுக்கின்றன. என் மனத்தில் தங்கியிருப்பது பெராரா நகரின் ஸ்கிபனோயா மாளிகைச் சுவர். 1469ஐ ஒட்டி பிரான்செஸ்கோ தெல் கோஸ்ஸா தீட்டிய மார்ச் மாதக் காட்சியில் கோமகன் போர்ஸோ வேட்டைக்குப் புறப்படுகிறார், நீதியும் வழங்குகிறார். ஒரு மூலையில் திராட்சைக் கொடிகளைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறார்கள் சிலர். வேட்டையும் நீதியும் உழைப்பும் ஒரே சுவரில் அமைதியாக அடுத்தடுத்து இருக்கின்றன. யாருக்கும் யாரிடமும் புகார் இல்லாத உலகம் அது, அதாவது அதற்குப் பணம் கொடுத்தவர் காண விரும்பிய உலகம்.

கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் முயலைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 1521இல் அவர் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்தார். அது கிரானாக் வரைந்த அதே பிரெடரிக்கின் கோட்டை. ஆகஸ்டில் அவரை இரண்டு நாள் வேட்டைக்கு அழைத்துப் போனார்கள். உயிரோடு பிடிபட்ட ஒரு முயல்குட்டியை அவர் தம் அங்கியின் கையில் சுருட்டி ஒளித்துவைத்தார். நாய்கள் மோப்பம் பிடித்து வந்து, துணிக்கு மேலாகவே அதன் காலை முறித்து, குரல்வளையைக் கடித்துக் கொன்றுவிட்டன. இதை நண்பருக்கு வருந்தி எழுதியவர், நான்கு ஆண்டுகள் கழித்து, காட்டு விலங்கு, பறவை, மீன், விறகு பற்றிய உறுப்புகளையெல்லாம் சட்டம் தெரிந்தவர்களிடம் விடுகிறேன் என்று எழுதி ஒதுங்கினார். பிறகு குடியானவர்களைக் கொல்லலாம் என்றே எழுதினார்.

கிரானாக்கின் ஓவியம் இருக்கும் அதே வியன்னா அருங்காட்சியகத்தில், பீட்டர் புரூகல் 1565இல் வரைந்த பனியில் திரும்பும் வேட்டைக்காரர்களும் இருக்கிறார்கள். மூன்று பேர், தலை தொங்கிய நாய்கள், ஓர் ஈட்டி முனையில் ஒரே ஒரு மெலிந்த நரி. மானைத் தேடினால் அது விடுதியின் பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கிறது. மானின் பெயர்தான் அந்த விடுதிக்கு, அந்தப் பலகையும் ஒரு கொக்கி கழன்று சாய்ந்து தொங்குகிறது. இரண்டு ஓவியங்களையும் ஒருவர் அரை மணிக்குள் நடந்து பார்த்துவிடலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பார்வையாளரை அனுப்பும் ஒரு வரி போதும் என்பது என் எண்ணம்.

இடம் போதாது என்பது உங்கள் அடுத்த மறுப்பாக இருக்கும். நியாயமான மறுப்பு, சுவரில் இருப்பது ஒரு சாண் அகலம். ஆகவே 1529ஆம் ஆண்டு ஓவியத்துக்கு நானே ஒரு குறிப்பை எழுதிப் பார்த்தேன். உங்கள் வழக்கமான அளவுக்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன்:

“மூத்த லூக்காஸ் கிரானாக், மான் வேட்டை, 1529. குறுக்குவில்லோடு நிற்கும் பிரெடரிக்கும் மாக்சிமிலியனும் இது வரையப்பட்டபோது உயிரோடு இல்லை. மான் கொல்லும் உரிமை இப்பெருமக்களுக்கே இருந்தது. வயலை அழித்த மானைக்கூடக் குடியானவர் கொல்ல முடியாது. விலங்குகளை விரட்டித் தந்த கட்டாய வேலை அவர்களுடையது. 1525இல் எழுந்த குடியானவர்கள் இந்த உரிமையை நீக்கக் கேட்டார்கள். பல்லாயிரவர் கொல்லப்பட்டார்கள். பிரெடரிக்கின் தம்பி யோஹான், இங்கே வில்லோடு நிற்பவர், அதை அடக்கிய பிரபுக்களில் ஒருவர். கொம்புகள் நீருக்கு மேல் தெரியும் விதத்தைப் பாருங்கள்.”

கடைசி வரியை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன், ஓவியம் அழகானது என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மற்ற வரிகளில் பிழை இருந்தால் திருத்துங்கள், நீளம் என்றால் குறையுங்கள். யோஹானைப் பற்றிய வரியை மட்டும் வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மதிப்புடன்,
உங்கள் கூடங்களுக்கு வந்துபோகும் தமிழ்ப் பார்வையாளன் ஒருவன்